உலகின் மகிழ்ச்சியான மனிதரும் அம்மாவின் கட்டிலும்

உலகிலேயே மிகவும் மகிழ்ச்சியான மனிதர் யார்? கைபேசியில் இந்தக் கேள்வியைத் தட்டினால் கோடீஸ்வரரோ சினிமா நட்சத்திரமோ வருவதில்லை. மொட்டைத் தலையும் செங்காவி உடையும் சிரித்த முகமுமாக ஒரு பிரெஞ்சுக்காரர் வருகிறார். பெயர் மத்தியூ ரிக்கார். 1946-ல் பிறந்தவர். முதலில் விஞ்ஞானி, பிறகு பௌத்தத் துறவி.

என் பழைய மாணவி ஒருத்தி அவரைப் பற்றிய வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். "டீச்சர், பாருங்க. மனசுக்கு நல்லா இருக்கும்" என்று ஒரு வரி. பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை, மாதக் கடைசி என்ற ஒன்று இல்லை. இமயமலைக் காற்று வேறு. இவர் சந்தோஷமாக இல்லாமல் வேறு யார் இருப்பார்?

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. அம்மா படுக்கையில் விழுந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சு குழறும். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருவார். காலையிலும் மாலையிலும் இரவிலும் நான். டயப்பர், படுக்கைப் புண், வாட்டர் பெட், மூன்று வேளை மாத்திரை என்று வீட்டின் பேச்சே மாறிவிட்டது. அம்மா இரவில் முனகினால் எனக்கு உடம்பு பதறும். அவளுக்குத் தோள் வலித்தால் எனக்கும் தோள் கடுக்கும். சில மாதங்களில், பள்ளி விட்டு வந்து அந்த அறை வாசலுக்குப் போகும்போதே கால்கள் கனத்துப்போகும். அம்மா மேல் பாசம் குறையவில்லை. பாசம் இருந்ததால்தான் அவ்வளவு களைப்பு என்று தோன்றியது.

அந்த மனநிலையில் இருப்பவளுக்கு "மகிழ்ச்சி" என்று யார் பேசினாலும் கோபம்தான் வரும். ஆனாலும் நான் அந்த வீடியோவை முழுதாகப் பார்த்தேன். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துபவள். அதில் ஒரு பெயர் காதில் விழுந்ததுதான் காரணம்: பிரான்ஸ்வா ஜாக்கோப்.

ஆய்வகத்திலிருந்து டார்ஜிலிங்குக்கு

லாக் ஓபரான் பாடம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். மரபணுக்கள் எப்போது வேலை செய்ய வேண்டும், எப்போது ஓய வேண்டும் என்பது எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று கண்டு சொன்னவர்கள் ஜாக்கோப்பும் மோனாடும். அதற்காக 1965-ல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர் ஆந்த்ரே லுவோஃப். பாரீஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் ஜாக்கோப்பிடம் ஆய்வு மாணவராக இருந்தவர்தான் ரிக்கார். ஈ.கோலி பாக்டீரியா எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பது அவர் ஆராய்ந்த விஷயம். 1972-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அப்போது வயது 26. நோபல் பரிசு பெற்றவரின் மாணவர் என்றால் எந்த நாட்டிலும் வேலை கிடைத்திருக்கும்.

அவரோ டார்ஜிலிங்குக்குப் போய்விட்டார்.

திடீர் முடிவு இல்லை அது. திபெத்தியத் துறவிகளைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்த்துவிட்டு 1967-லேயே டார்ஜிலிங்குக்கு வந்து, கங்யூர் ரின்போச்சே என்ற திபெத்திய குருவைச் சந்தித்திருந்தார். படிப்புக்கு நடுவிலும் வந்து போனார். பட்டத்தை முடித்த பிறகே வந்து தங்கினார். 1975-ல் அந்த குரு காலமானார். பின்னர் டில்கோ கியென்ட்சே ரின்போச்சே என்ற இன்னொரு குருவிடம் பல வருடங்கள் இருந்தார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு முறைப்படி துறவு பூண்டார்.

வீட்டில் குறை எதுவும் இருந்து ஓடிப்போனவரும் இல்லை. அப்பா ழான் பிரான்ஸ்வா ரெவெல் பிரான்ஸில் பெயர் பெற்ற தத்துவ எழுத்தாளர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அம்மா ஓவியர். இசை மேதைகளும் எழுத்தாளர்களும் வந்து போகிற வீடு. அந்தச் சூழலில் வளர்ந்தபோது தான் கவனித்த ஒன்றை ரிக்கார் அடிக்கடி சொல்கிறார். ஒருவர் தன் துறையில் மேதையாக இருப்பதற்கும் நல்ல மனிதராக, நிம்மதியான மனிதராக இருப்பதற்கும் தொடர்பில்லை. பியானோ வாசிப்பதில் சிகரத்தைத் தொட்டவர் வீட்டில் எரிந்து விழுபவராக இருக்கலாம். டார்ஜிலிங்கில் அவர் பார்த்த முதியவர்களிடம் வாழ்க்கையும் பேச்சும் ஒன்றாக இருந்தன. அதுதான் அவரை இழுத்திருக்கிறது. பிற்பாடு அப்பாவும் மகனும் நேபாளத்தில் உட்கார்ந்து நாள்கணக்கில் விவாதித்து, அதை 1997-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். நம்பிக்கையில்லாத அப்பா கேள்வி கேட்க, துறவி மகன் பதில் சொல்லும் அந்தப் புத்தகம் பிரான்ஸில் பரபரப்பாக விற்றது.

தொப்பி மாட்டிய துறவிகள்

அறிவியலை விட்டுவிட்டு வந்தவரை அறிவியல் விடவில்லை. அமெரிக்காவில் மேடிசன் நகரில் இருக்கும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டேவிட்சன் என்ற நரம்பியல் ஆய்வாளர் இருக்கிறார். பல்லாண்டு தியானம் செய்தவர்களின் மூளையில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினார். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் கலந்துகொண்ட துறவிகள் 8 பேர். ஒவ்வொருவரும் 10,000 முதல் 50,000 மணி நேரம் வரை தியானம் செய்தவர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே ஒரு வாரம் தியானம் பழகிய கல்லூரி மாணவர்கள் 10 பேர். தலையில் நூற்றுக்கும் மேற்பட்ட மின்முனைகள் கொண்ட வலைத் தொப்பியை மாட்டி, எல்லா உயிர்களிடமும் நிபந்தனையில்லாத கருணையை மனதில் கொண்டுவரச் சொன்னார்கள். துறவிகளின் மூளையில் காமா அலைகள் எனப்படும் வேகமான மின்னலைகள் மாணவர்களைவிட மிக அதிகமாக எழுந்தன. ரிக்கார் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர்.

இதிலிருந்து கிளம்பியதுதான் "உலகின் மகிழ்ச்சியான மனிதர்" பட்டம். 2007-ல் லண்டன் பத்திரிகையான 'தி இண்டிபெண்டன்ட்' அவரை அப்படி அழைத்தது. அதன் பிறகு அது ஒட்டிக்கொண்டது. ரிக்காரோ, இது வெறும் வேடிக்கை, உலகத்தில் உள்ள எல்லாருடைய மூளையையும் யார் அளந்து பார்த்தார்கள் என்று சிரிக்கிறார். அவர் சொல்வது சரி. காமா அலை மகிழ்ச்சியை அளக்கும் தெர்மாமீட்டர் கிடையாது. எட்டுப் பேரை வைத்துச் செய்தது சின்ன ஆய்வுதான். துறவிகளின் வயதும் மாணவர்களின் வயதும்கூட ஒன்றில்லை. ஒரு நல்ல ஆய்வு, மேலும் கேள்விகளைக் கேட்க வழி திறந்தது என்று அதை எடுத்துக்கொண்டால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தினம் ஒரு மணி நேரம் தியானம் செய்தால் 10,000 மணி நேரத்தைத் தொட 27 வருடங்கள் ஆகும். எனக்குத் தினம் பத்து நிமிடம் கிடைப்பதே பெரிய காரியம். அப்படியானால் இது துறவிகளுக்கான சமாச்சாரம்தானா?

கல்லில் செதுக்கிய தலையணை

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சித்தன்னவாசல் ஞாபகத்துக்கு வரும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது பள்ளிக்கூடச் சுற்றுலா இடம். ஊரிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்தான். பெரும்பாலானவர்கள் அறிவர் கோயிலில் உள்ள தாமரைக் குள ஓவியத்தைப் பார்த்துவிட்டு, கருவறையில் நின்று மூச்சை இழுத்து ஓங்காரம் எழுப்பி அதிர்வைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் இருக்கிறது. பாறையில் வெட்டிய படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால், குகைத்தளத்தில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் சற்று உயர்த்தி, தலையணை போலவே விட்டிருக்கிறார்கள்.

அங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள், பௌத்தர்கள் இல்லை. ஆனால் வீட்டைத் துறந்து, மனதை வெல்லக் கிளம்பியவர்கள் என்ற வகையில் ரிக்காரின் தூரத்துச் சொந்தக்காரர்கள்தான். படுக்கைகளில் மிகப் பழையதில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பழமையானது. எருமி நாட்டில் பிறந்த ஒரு துறவிக்கு இளையர் எனப்படுபவர்கள் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. எருமி நாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். எங்கிருந்தோ நடந்து வந்த ஒரு அந்நியர். வெயில் கொளுத்துகிற இந்த மண்ணில் யாரோ சிலர் மலையேறி, உளியால் நாள்கணக்கில் பாறையைக் கொத்தி, அவர் தலை வைக்க மேடுகூட விட்டு, ஒரு படுக்கை செய்து கொடுத்திருக்கிறார்கள். துறவியின் நிம்மதிக்குப் பின்னாலும் வேலை செய்கிற சில கைகள் இருந்தன. அந்தக் கைகளுக்கு உரியவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் நோயாளிகளும் இருந்திருப்பார்கள். கருணை என்பது குகைக்குள் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. வெளியே உளி பிடித்தவருக்கும் அது தெரிந்திருந்தது.

ரிக்காரும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். புத்தகங்களில் வரும் பணத்தைக் கொண்டு 2000-ல் 'கருணா ஷெச்சென்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார். நேபாளம், திபெத், நம் நாட்டின் பீகார் போன்ற இடங்களில் மருத்துவம், கல்வி என்று அது வேலை செய்கிறது.

களைப்பது எது?

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்குப் பயன்பட்ட செய்தி. 2007-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில், டானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளர் ரிக்காரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்தார். அடுத்தவர் வலியைப் பார்க்கும்போது நம் மூளையில் என்ன நடக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. பிறர் வலிப்பதைப் பார்க்கும்போது, நமக்கே வலித்தால் விழித்துக்கொள்கிற சில பகுதிகள் விழித்துக்கொள்கின்றன என்று அவர் முன்பே கண்டிருந்தார். "பெற்ற வயிறு பற்றி எரியுது" என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சில்லை.

ரிக்கார் கருணைத் தியானம் செய்தபோது ஸ்கேனில் அந்தப் பகுதிகள் எதிர்பார்த்தபடி தெரியவில்லை. அதனால் சிங்கர், கருணையை ஒதுக்கிவிட்டு அடுத்தவர் துயரத்தை அப்படியே உங்கள் துயரமாக உணருங்கள், அவ்வளவுதான் என்று கேட்டுக்கொண்டார். கைவிடப்பட்ட நிலையில், எலும்பும் தோலுமாக இருந்த ருமேனிய அனாதைக் குழந்தைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ரிக்கார் பார்த்திருந்தார். அந்தக் குழந்தைகளை மனதில் கொண்டுவந்து அவர்கள் வலியை உணர்ந்துகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் போலப் போயிருக்கும். பல்லாயிரம் மணி நேரம் தியானம் செய்த அந்த மனிதர் நொந்து, வற்றிப்போனார். தொடர முடியவில்லை.

அதன் பிறகு கருணைக்கு மாறச் சொன்னார்கள். மனதில் அதே குழந்தைகள்தான், அவர்களுடைய வலியும் அப்படியேதான். ஆனால் இப்போது அந்த வலியில் மூழ்காமல், இவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்களை அணைத்துக்கொள்வதுபோல நினைத்தார். களைப்பு விலகிவிட்டது, அந்தக் குழந்தைகளிடமிருந்து விலகி ஓடத் தோன்றவில்லை, நெருங்கிப் போகவே தோன்றியது என்று அந்த அனுபவத்தை அவர் எழுதியிருக்கிறார். மூளையிலும் வேறு பகுதிகள் வேலை செய்தன. தாய்க்குப் பிள்ளையிடம் உள்ள பற்று, நிறைவு போன்றவற்றோடு தொடர்புடைய பகுதிகள் அவை.

துறவி ஒருவரிடம் கண்டதைச் சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் பிறகு சாதாரண மனிதர்களிடம் சோதித்தார்கள். அடுத்தவர் துயரத்தை உணர மட்டும் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய மனச்சோர்வு கூடியது. அவர்களுக்கே பிறகு கருணைப் பயிற்சி கொடுத்ததும் சோர்வு இறங்கியது. டேவிட்சனின் ஆய்வகத்தில் 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தினம் அரை மணி நேரம், இரண்டே வாரம் கருணைப் பயிற்சி எடுத்தவர்கள் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தங்கள் பணத்தைக் கொடுத்து உதவ அதிகம் முன்வந்தார்கள்.

இதைப் படித்த இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. அம்மா முனகும்போது நானும் சேர்ந்து முனகினேன். அதுதான் பாசம் என்று எல்லாரையும் போல நானும் நினைத்திருந்தேன். களைக்க வைத்தது பாசம் இல்லை, அவளோடு சேர்ந்து வலிப்பதிலேயே நின்றுவிடுவது என்று ஒரு விஞ்ஞானி-துறவி தன் தலையையே கொடுத்துச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்.

இதற்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று யோசித்தபோது வள்ளுவர் கண்ணில் பட்டார். இல்லறவியலில் 'அன்புடைமை' என்று ஓர் அதிகாரம். துறவறவியலைத் தொடங்கும்போது 'அருளுடைமை' என்று வேறோர் அதிகாரம். இரண்டும் ஒன்றென்றால் ஏன் இரண்டு? அன்பு தன்னைச் சேர்ந்தவர்களிடம் உருகுவது, அருள் எல்லா உயிருக்கும் நன்மை நினைப்பது என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். பொருட்பாலில் ஓரிடத்தில், அருள் என்பது அன்பு பெற்ற பிள்ளை என்ற கருத்தை வள்ளுவர் சொல்கிறார். அந்தப் பிள்ளையை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம் என்றும் சேர்த்தே சொல்கிறார். அதாவது, இல்லறத்தில் இருப்பவர் அருளுக்கு அந்நியர் இல்லை. அது பிறக்கிற வீடே நம்முடையதுதான்.

எங்கள் வீட்டில் என்ன மாறியது?

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அறைக்குள் போகும் முன் வாசலில் இரண்டு நிமிடம் நிற்கிறேன். மூச்சைச் சீராக்கிக்கொண்டு, "அம்மா வலியில்லாமல் இருக்கட்டும், நிம்மதியாக இருக்கட்டும்" என்று நினைத்துக்கொள்கிறேன். அதே வாக்கியத்தை எனக்கும் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பிறகு உள்ளே போய், அப்போது செய்ய முடிகிற ஒரு வேலையைச் செய்கிறேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண் வருவது குறையும். முதுகைத் துடைத்துப் பவுடர் போடலாம். உதட்டை நனைக்கலாம். அவள் வலியை நான் வாங்கிக்கொள்ள முடியாது. தலையணையைச் சரியாக வைக்க முடியும்.

அவள் முனகல் இப்போதும் கேட்கிறது, இப்போதும் மனது சுருக்கென்கிறது. ஆனால் அந்தச் சுருக்கில் நின்றுவிடாமல் அடுத்த அடி எடுக்க முடிகிறது. சில நாட்கள் முடிவதில்லை. மறுநாள் மறுபடியும் வாசலில் நிற்கிறேன். நடை பழகுவது மாதிரிதான் இதுவும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நல்ல எண்ணம் மட்டும் போதாது, கைகளும் வேண்டும். சென்னையில் இருக்கும் தம்பியிடம் கணக்காகப் பேசினோம். மாதத்தில் ஒரு வாரம் அவனும் அவன் மனைவியும் வந்து பார்த்துக்கொள்கிறார்கள். 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்பு உதவியும் தருகிறார்கள். தெரியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். தூக்கம் போய், அழுகை நிற்காமல், வாழ்வே வெறுத்தால் அது தியானத்தால் மட்டும் தீர்கிற விஷயமில்லை. 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையில் தமிழிலேயே பேசலாம். வள்ளுவர் சொன்ன செவிலித்தாய் இப்படியும் வரலாம்.

ரிக்கார் உலகின் மகிழ்ச்சியான மனிதரா என்பது எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. மகிழ்ச்சி ஒருநாள் வாசல் கதவைத் தட்டும் என்று காத்திருப்பதைவிட, நீச்சல் மாதிரி, தையல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம் என்று அவர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அறையில் கூடுதலாக உட்கார ஆரம்பித்த பிறகுதான் ஒன்று கவனித்தேன். நான் பள்ளியிலிருந்து வந்ததும் அம்மா வாயைக் கோணி, நாக்கைப் புரட்டி, எதையோ சொல்ல மெனக்கெடுவாள். வலி என்கிறாள், தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து ஓடி ஓடி ஏதாவது செய்வேன். ஒருநாள் குனிந்து, அவசரமில்லாமல் கேட்டேன். அவள் கேட்டது, "சாப்ட்டியாம்மா?"